உனக்கு நாற்பது, எனக்கு முப்பது

அன்புள்ள நூர்,

நீ எதிரே இருந்தவரை உன்னை ஒருநாளும் இப்படி அழைத்ததில்லை. இறந்தவர்கள் எங்கிருந்தோ பார்க்கிறார்கள் என்று நம்புகிறவளும் அல்ல நான். ஆனாலும் ஒரு விஷயத்தை உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும்.

உன் சிவப்புக் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. நீ போன மறுமாதம் உன் தம்பி சாவியோடு இரும்புலியூரில் என் வீட்டுக்கு வந்தான். "எங்க வீட்ல இதுல யாரும் காலை நீட்டி உட்கார முடியாதுக்கா. நீங்க ஓட்டுங்க. இல்லன்னா எவனாவது வாங்கி ரேஸ் விடுவான்" என்றான். பதினோரு வருடம் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேளம்பாக்கம் கல்லூரிக்கு வந்தவள் என்ற ஒரே தகுதியில் வாங்கிக்கொண்டேன்.

காலை ஏழு பத்துக்குத் தெருமுனையில் இப்போது ஹார்ன் கேட்பதில்லை. நானே கிளப்பி நானே போகிறேன். பக்கத்து சீட்டில் டிஃபன் பை. வண்டலூரில் கேளம்பாக்கம் சாலைக்குத் திரும்பியதும் கியரை மாற்றி ஒரு மிதி மிதிப்பாயே, அந்த இடத்தில் நான் ஐம்பதைத் தாண்டுவதில்லை. தண்ணி லாரிகூட ஹார்ன் அடித்து முந்துகிறது.

சொல்ல வந்தது எஞ்சின் ஆயில் பற்றி. நம் பழைய சண்டை. 5W-30, 5W-40 இரண்டில் எதையும் போடலாம் என்கிறது கையேடு. முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு. தாம்பரத்தில் அதற்கு வேலை குறைவு. இரண்டாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. மே மாத வெயிலில் டர்போ வண்டியை நீ விரட்டும் விரட்டுக்கு நாற்பதுதான் தாங்கும் என்பாய். தேவைக்கு மேல் கெட்டி என்றால் எஞ்சினுக்கு இழுவை, பெட்ரோல் வீண் என்பேன் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற நான்.

"நீங்க ஓட்டினா முப்பது போதும்க்கா. தேங்காய் எண்ணெய் ஊத்தினாக்கூட ஓடும்" என்று சிரிப்பாய். மூன்று மாதம் மூத்தவள் என்பதற்காக அக்கா. கேலி செய்யவும் அதே அக்கா.

போன வருடம் ஆயில் மாற்ற முதல்முறையாகத் தனியாக ஊரப்பாக்கத்துக்குப் போனேன், உன் மெக்கானிக் சேகரிடம்.

"இன்னா மேடம், வண்டி வந்துகீது, நூர் மேடத்தக் காணோம்?"

அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். "ஊருக்குப் போயிருக்காங்க" என்று வந்தது.

"அப்ப அவங்களோட நாப்பதே போட்டுடறேன்."

தலையாட்டினேன். ஆய்வக நோட்டில் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் மாணவிகளை நிற்க வைப்பவள் நான். ஏன் அப்படிச் சொன்னேன்? நீ இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் அவர்தான் என்பதாலா?

போன சனிக்கிழமை மறுபடி போனேன். பழைய ஆயிலை இறக்கிவிட்டு சேகர் 5W-40 கேனைக் கொண்டுவந்தார்.

"மேடம் இன்னும் ஊர்லேர்ந்து வரலியா? ஒரு வருசமா அங்க இன்னா பண்றாங்க?"

"முப்பது போடுங்க சேகர்."

"ஐயய்யோ, யாரைக் கேட்டு மாத்தினேன்னு என்னைப் புடிச்சி உலுக்குவாங்க மேடம்."

"மாட்டாங்க. அவங்க இல்ல. போன வருஷம் நான் வந்தப்பவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

கேனின் மூடியைத் திருகினார். அது இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்பவே சொல்லிருந்தா வூட்டுக்குப் போயி துக்கம் கேட்டுட்டு வந்திருப்பனே மேடம்."

அது எனக்குத் தோன்றவே இல்லை, நூர். அவருக்கும் நீ வேண்டியவள்தான் என்பது.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, டயர்களுக்கு நடுவே கிடந்த பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எப்டி ஆச்சு மேடம்? கூட யாரு இருந்தாங்க?" என்று என்னிடம் கேட்டார். உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் உன் தம்பியிடம் கேட்டார்கள். நான் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். நான் உனக்கு என்ன உறவு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என்னிடம் துக்கம் கேட்ட முதல் ஆள் சேகர். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்பதையும், அன்று காலை ஏழு நாற்பது வரை நான் தெருமுனையில் நின்றதையும் சொன்னேன். இரண்டாவதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் அழுதேன். நீ நம்பமாட்டாய்.

அப்புறம் சேகர் எழுந்து, "நீங்க எப்டி ஓட்டுவீங்க?" என்றார். சொன்னேன்.

"அப்ப முப்பதே சரி. ஆனா மாசத்துக்கு ஒருவாட்டியாவது நல்லா இழுத்து ஓட்டுங்க. உருட்டிகினே இருந்தா உள்ள கரி புடிச்சிக்கும்."

அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியவில்லை. வாதம் செய்யவில்லை.

நாளை ஞாயிறு. காலையில் டிஃபன் கட்டிக்கொண்டு வண்டலூர் போய்க் கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, நீ மிதிக்கும் அதே இடத்தில் மிதிப்பேன். மாதம் ஒருமுறை, தவறாமல். அன்று மட்டும் டிஃபன் பை பின்சீட்டில் இருக்கும், பக்கத்து சீட் உனக்கு.

மூன்று மாதம் மூத்த
உன் அக்கா