எட்டாம் நம்பர் அறை வாசலில் பத்துமணிப்பூ

நாரணாபுரம்
7-5-1961

தம்பி பெத்தணனுக்கு அக்காள் சண்முகத்தாய் சொல்லச் சொல்ல, கண்ணுச்சாமி வாத்தியார் எழுதுவது. நானும் உன் அத்தான் கருத்தப்பாண்டியும் பிள்ளை முருகம்மாளும் சுகம். கொடைக்கானல் குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது என்று எழுது. சுகம் என்ற ஒரே வார்த்தையோடு கார்டை முடித்துவிடாதே. அவ்வளவு இடத்தையும் காலியாக விட்டு அனுப்புகிறாயே என்று தபால்காரரே வருத்தப்படுகிறார்.

லாரிக்காரர் சங்கிலிமுத்துவிடம் நீ கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பா வந்து சேர்ந்தது. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, வழியெல்லாம் ஈரச்சாக்கில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தாராம். பன்னிரண்டு குச்சிகளும் வாடாமல் வந்தன. ஜெரேனியம் என்று வாத்தியார் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தும் என் வாயில் நுழையவில்லை. துரைச்செடி என்றே சொல்லிக்கொள்கிறேன். நீ வேலை பார்க்கிற பங்களாவின் சரிவு முழுக்க அது தரையோடு தரையாகப் படர்ந்து, மழைக்கு மண் அரிக்காமல் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு தடவை எழுதினாய் அல்லவா? அன்றிலிருந்தே அதன்மேல் எனக்கு ஒரு கண்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், திட்டாதே. பன்னிரண்டும் செத்துப்போய்விட்டன. கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்காதே. கிணற்றடியில் வரிசையில் நின்று எடுக்கிற முதல் குடத்தில் பாதி அதற்குத்தான். சாயங்காலம் இன்னொரு செம்பு. எட்டாம் நாள் தண்டு கறுத்தது. ஐயோ வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் அடியெல்லாம் கொழகொழவென்று அழுகிக் கிடக்கிறது. உன் அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். இந்தச் சீமையில் தண்ணீர் இல்லாமல் செத்த செடி ஆயிரம் உண்டு, தண்ணீர் ஊற்றியே கொன்றவள் நீ ஒருத்திதான் என்கிறார். தூரத்திலிருந்து வந்த விருந்தாளிக்கு நமக்குத் தெரிந்த பெரிய மரியாதை தண்ணீர்தானே, நான் என்ன செய்ய?

செடி எதற்கு என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வெந்துபோன இந்த வலது கையால் காகிதம் சுருட்டவோ கட்டையால் மருந்தை இடித்துக் கெட்டிக்கவோ முடியாது என்பதால், பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் தனுஷ்கோடி அண்ணாச்சி எனக்கு முற்றம் கூட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார். நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த எட்டாம் நம்பர் அறை வாசலும் என் பொறுப்புதான். ஆடிக்காற்றில் அங்கே மண் எப்படிப் பறக்கும் என்று உனக்குத் தெரியும். தண்ணீர் தெளித்தால் அரைமணி நேரம்கூடத் தாங்குவதில்லை. தரையை மூடிக்கொண்டு கிடக்கிற, தண்ணீர் கேட்காத பூச்செடி ஏதாவது இருந்தால் ஆடிக்கு முன்னால் அனுப்பு.

முருகம்மாளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. பள்ளிக்கூடத்தில் மூளிக்காது என்று கூப்பிடுகிறார்களாம். உன் அத்தானின் பங்காளிகள், யார் மடியிலாவது உட்கார வைத்துக் காதைக் குத்திவிடலாம் என்கிறார்கள். தாய்மாமன் மலைமேல் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது அடுத்தவர் மடி எதற்கு என்று சொல்லிவிட்டேன். முன்னொரு தடவை, மருந்து சலித்த அந்தக் கையால் பிள்ளையைத் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. வாத்தியாரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை. வேளை வரும்போது சொல்கிறேன்.

வெந்நீரில் குளி. காதைத் துணியால் கட்டிக்கொள்.

உன் அக்காள்
சண்முகத்தாய்

(குத்துக்கல் என்ற வார்த்தை உன் அக்காள் சொன்னது. என் தலையில் போட்டுவிடாதே. கண்ணுச்சாமி.)


நாரணாபுரம்
11-6-1961

தம்பிக்கு அக்காள் எழுதச் சொன்னது. பத்துமணிப்பூக் கொத்து வந்தது. மலையில் கிடைக்காது என்று வத்தலக்குண்டு வரை இறங்கி, யாரோ ஒரு வீட்டு வாசலில் கேட்டு ஒடித்து வாங்கினாயாம். சங்கிலிமுத்து சொன்னார். மூன்று வருஷத்தில் நீ மலையை விட்டு இறங்கியது இதுதான் முதல் தடவை. வத்தலக்குண்டிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து இங்கே; அரைநாள் பயணம். சரி, செடிக்காகவாவது இறங்கினாயே.

நீ எழுதியபடியே செய்தேன். விரல் நீளத்துக்கு ஒடித்து, ஒருநாள் நிழலில் போட்டுவைத்து, சரளை மண்ணில் குத்தி, ஒரேயொரு தடவை தண்ணீர் தெளித்தேன். அதை மறந்துவிடு அக்கா, மறந்தால்தான் பிழைக்கும் என்று எழுதியிருந்தாய். தண்ணீரை மறந்துவிட்டேன். செடியை மறக்க எனக்கு வரவில்லை. நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்க்கிறேன்.

சண்முகத்தாய்


நாரணாபுரம்
20-8-1961

அன்புள்ள தம்பி பெத்தணனுக்கு,

இந்த எழுத்தைப் பார்த்ததும் முருகம்மாள் கிறுக்கி அனுப்பியிருக்கிறாள் என்று நினைப்பாய். இல்லை, நான்தான். மூன்றாம் வகுப்பில் படித்ததை எல்லாம் தேடிப்பிடித்து, பிள்ளையின் சிலேட்டில் தை மாதத்திலிருந்து இடது கையால் எழுதிப் பழகினேன். அவள்தான் எனக்கு வாத்தியார். "ழ" போடுவதற்குள் எத்தனை குட்டு வாங்கினேன் தெரியுமா? இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். வாத்தியாருக்குத் தெரியாது, உன் அத்தானுக்கும் தெரியாது.

முதலில் நல்ல சேதி. நீ அனுப்பிய செடி எட்டாம் நம்பர் அறை வாசலை மூடிவிட்டது. தலைவாசல் படியிலிருந்து வேலி வரைக்கும் தரை தெரியவில்லை. காலையில் பார்த்தால் வெறும் பச்சை, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அவ்வளவும் ரோஸ் நிறம். மருந்து வாசமும் கரியுமாகக் கிடந்த இடம், அங்கே வந்து நின்று பெண்கள் சோறு சாப்பிடுகிறார்கள். நுனியை ஒடித்து ஒடித்து வெறுமையாகத் தெரிகிற இடத்தில் குத்திக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான் வேலை. எருவும் கேட்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. தனுஷ்கோடி அண்ணாச்சி பார்த்துவிட்டு, அறையைச் சுற்றிப் புல்பூண்டு இருக்கக்கூடாது என்பது சட்டம், பிடுங்கிப் போட்டுவிடு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். ஆனால் இது காய்ந்த புல் இல்லையே.

"பிடுங்குதேன் அண்ணாச்சி. அதுக்கு முந்தி ஒரு எட்டு டீக்கடை வரைக்கும் வாங்க" என்றேன்.

கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கை நிறையச் செடியைப் பறித்துக் கொண்டுபோய், கனன்றுகொண்டிருந்த கரியடுப்பில் போட்டேன். செடி எரியவில்லை. உஸ்ஸென்று தண்ணீராக விட்டு, அடுப்பைத்தான் அணைத்தது. டீக்கடைக்காரர் என்னைப் பேசிய பேச்சை எழுத எனக்கு எழுத்து பற்றாது. அண்ணாச்சி வேட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காய்ந்த குச்சி ஒன்று கிடந்தாலும் உன்னைத்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் குனிந்து காய்ந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடுகிறேன்.

அப்புறம் ஆடி பிறந்தது. உனக்குத் தெரிந்த அதே காற்றுதான். மற்ற அறை வாசல்களில் கண்ணைத் திறக்க முடியவில்லை. எட்டாம் நம்பரில் நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது முத்துமாரியம்மாள் என்று ஒரு பெண் உட்கார்ந்து புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து கெட்டிக்கிறாள். ஆமத்தூர்க்காரி, போன தையில் கல்யாணமானவள். ஒருநாள் நல்ல காற்று. உள்ளே புழுக்கம் தாங்காமல் அவள் கதவை ஒரு சாண் திறந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, வெளுத்துப்போன என் முந்தானையால் படியைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு பொடி மண் இல்லை. திருப்பித் திருப்பித் துடைத்தேன், துணி வெளுப்பாகவே இருந்தது. அந்தப் பெண், என்னக்கா ஆச்சு, எதுக்கு அழுதீக என்று கேட்டாள். அவளிடம் வேறு ஏதோ சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

உனக்குச் சொல்கிறேன். அதற்காகத்தான் இடது கையைப் பழக்கினேன்.

என் கை வெந்த அன்றைக்கு நீ மருந்தை ஒழுங்காகச் சலித்தாய். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சலித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சலித்ததைத் துணி போட்டு மூடிவிட்டு, காற்று இறங்குகிற வரைக்கும் கதவைத் திறக்காதே அக்கா என்று சொல்லிவிட்டு, காகிதக் குழாய்க்கட்டு எடுத்துவரப் போனாய். நான் துணியை எடுத்து மருந்தை அள்ளி வைத்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது. கதவை ஒரு சாண் திறந்தேன். மண் வந்து முகத்தில் அடித்தது, உடனே சாத்திவிட்டேன். சாத்திவிட்டோமே என்ற நினைப்பில் கட்டையை எடுத்துக் கெட்டிக்க ஆரம்பித்தேன். மருந்துக்குள் விழுந்திருந்த மண் கட்டைக்கடியில் உரசிப் பொறி விட்டது. அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் கையைப் பார்க்காமல் நெருப்புக்குள் வந்து என்னை இழுத்தாய்.

ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்துக்கொண்டு, நான் சரியாச் சலிக்கல அக்கா என்று நீ அழுதபோது எனக்கு உதடு வெந்து வாய் திறக்க முடியவில்லை. பத்தாம் நாள் திறக்க முடிந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. கம்பெனியில் விசாரணை நடக்கிறது, என் தப்பு என்று தெரிந்தால் இந்தக் கையை வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ மலையேறிவிட்டாய். பிறகு ஒவ்வொரு கடிதமும் இன்னொருவர் கையால் போயிற்று. இந்த விஷயத்தை இன்னொருவர் கையால் எழுதுவது எப்படி?

மூன்று வருஷம் என் பழியை நீ சுமந்தாய். சுமந்துகொண்டே, நான் கேட்டேன் என்பதற்காக மலையிறங்கிச் செடி ஒடித்து அனுப்பினாய். என் உயிரையும் நீதான் காப்பாற்றினாய், முத்துமாரியம்மாளின் இரண்டு கைகளும் முழுசாக இருப்பதும் உன்னால்தான். அவளுக்கு உன் பேர் தெரிந்திருக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சாமி கும்பிடும்போது சேர்த்துச் சொல்கிறாளாம். என் நன்றியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முருகம்மாள் சிலேட்டில் அதற்கு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் முருகம்மாளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறேன். ஆசாரியிடம் சொல்லியாயிற்று. கம்மல் வாங்கிவர வேண்டாம், வேப்பங்குச்சி போதும். கெடா வெட்ட வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் என்னோடு கம்பெனி வேலி வரை வந்து, வெளியே கிளை நீட்டியிருக்கிற பூவில் இரண்டைப் பறித்து எச்சில் தொட்டுக் காதில் ஒட்டிக்கொள்கிறாள். மாமா போட்ட தோடு என்று தெருவெல்லாம் காட்டிவிட்டு வருகிறாள். மத்தியானம் பூ சுருங்கி விழுந்துவிடுகிறது.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். அதை அங்கேயே வைத்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, அதையும் எடுத்துக்கொண்டு வா. என் முகத்தைப் பார்க்க வேண்டாம், என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டாம். பிள்ளைக்கு மடியைக் கொடு. அவள் துள்ளுவாள், தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்தக் கைதான் வேண்டும், தம்பி. அதில் ஒரு குற்றமும் இல்லை.

நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்காள்
சண்முகத்தாய்
(என் கையெழுத்து)