மெஷின் கேட்கப் போய்ப் பிரசவ வார்டு வாங்கி வந்தோம்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், போன வாரப் பரிசோதனையில் அம்மாவுக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். குறை என்று பார்த்தால் என் பொறுமைக்கு வந்த குறைதான், அதில் பாதி உன் அம்மாவால், பாதி உன்னால். அம்மாவுக்கு மார்பில் நோய் வந்ததால் நீயும் பரிசோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி வருஷம் ஓடிவிட்டது, நீ இன்னும் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறாயாம். எனக்கு எழுதத் தெரியாததால் தன்னைப் பற்றிய புகாரையும் உன் அம்மாவே எழுத வேண்டியிருக்கிறது, முடித்ததும் படித்துக்காட்டச் சொல்வேன், ஒரு வார்த்தை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவும் அவளைப் போல வைத்தியம் பார்த்துத் தேறியவர்களும் குழுவாகச் சேர்ந்து சட்டசபை உறுப்பினரைப் பார்க்கப் போவது உனக்குத் தெரியும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் எடுத்துப் பார்க்கும் மெஷின் வேண்டும், சின்ன வயதுப் பெண்களுக்கும் இந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராய அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும், இவ்வளவுதான் கோரிக்கை. உறுப்பினர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டால் பிசகாமல் சொல்வேன் என்பதால் என்னையும் கூட்டிப் போகிறார்கள். முதல் தடவை அந்த ஆபீஸில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம், எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஃபேன் சுற்றுகிறதே தவிரக் காற்று வரவில்லை, உதவியாளர் அவ்வப்போது தலையை நீட்டி இதோ ஐயா வந்துட்டார் என்று சொல்லிவிட்டு மறைந்துபோவார். ஒருவழியாக உள்ளே விட்டதும், குழுவுக்குத் தலைவியான கணக்கு டீச்சர், ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர், பெண்களுக்கு வருகிற கஷ்டம் என்று இழுக்கிறார், தையற்காரம்மா அந்த இடத்துப் பிரச்சினை என்கிறார், உன் அம்மா தலையை மட்டும் ஆட்டுகிறாள். ஒருத்தி வாயிலும் மார்பு என்ற சொல் வரவில்லை. அந்த மனுஷனுக்கு என்ன புரியும்? தாய்மார்கள் நலம்தான் தன் உயிர் என்று சொல்லி, பிரசவ வார்டுக்குப் பத்துக் கட்டில் தருவதாக வாக்குக் கொடுத்து, எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். இவர்களும் மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம், பிரசவ வார்டு கேட்ட தாய்மார்களாம். அதில் நிற்பவர்களில் ஒருத்திக்காவது இனிமேல் பிரசவம் உண்டா? சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, என்ன பெரியவரே, வீட்டுல விசேஷமாமே என்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். டீச்சர் மறுபடியும், ஐயா, பெண்களுக்கு வருகிற என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மார்புப் புற்றுநோய்னு சொல்லுங்கம்மா, வாய் வெந்தா போயிடும்?" என்றேன். இந்த இடத்தில் இப்போதும் பேனா நின்றது, எழுது என்றேன், எழுதினாள். உறுப்பினர் மேசையைப் பார்த்தார், டீச்சர் கூரையைப் பார்த்தார், உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு அவளே பேசினாள். "நீங்க சும்மா இருங்க, நான் சொல்றேன். மார்புல கட்டி இருக்குன்னு டாக்டர்கிட்ட போறதுக்கு ஏழெட்டு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். மெஷின் இருக்கிற ஊருக்கு அரை நாள் பஸ்ஸுல போகணும், எதுக்குப் போறேன்னு இவர்கிட்ட சொல்லணும். சொல்ல வாய் வரல. இங்கேயே இருந்திருந்தா காய்கறி வாங்கப் போற மாதிரி போயிட்டு வந்திருப்பேன். ஒரு மார்பு போயிருக்காது."

எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் ஊரார் நடுவில். அந்த மாதங்களில் அவள் பேசியதெல்லாம் எனக்கு ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது, தோள்பட்டை வலிக்கிறது என்றாள், நானும் தைலம் தேய்த்துவிட்டேன், என் கைக்கு ஒரு சாண் கீழே அது இருந்திருக்கிறது. இவளை என்ன சொல்லித் திட்டுவது, நீயே சொல். உறுப்பினர் உதவியாளரைக் கூப்பிட்டுச் சரியாக எழுதிக்கொள்ளச் சொன்னார், அடுத்த கூட்டத்தில் சபையில் கேட்கிறேன் என்றார். கேட்பாரோ மாட்டாரோ, கேட்கும்வரை இவர்கள் விடப்போவதில்லை, இப்போது முதலில் பேசுவது உன் அம்மாதானாம்.

நீயோ போனில் குரலைத் தாழ்த்தி, அந்த டெஸ்ட் எடுக்கலாம்மா, இப்போ வேலை ஜாஸ்தி என்றாயாம். உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மெஷின் இருக்கிறது, சாக்குச் சொல்ல உனக்கு பஸ்கூடக் கிடையாது. மார்பிலோ அக்குளிலோ கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா? அப்பா கேட்கிற கேள்வியா இது என்று நினைக்காதே. நான் கேட்டுவிட்டேன், நீ பதில் சொல்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். இந்த வாரமே போ, என்ன சொன்னார்கள் என்று சுற்றி வளைக்காமல் எழுது.

இப்படிக்கு,
சொன்னது அப்பா,
எழுதியது அம்மா.