பல்லைப் பிடுங்குவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன். நேற்று போனில் எல்லாவற்றையும் சொல்ல வந்தேன். உனக்கு வந்தா எனக்கும் வரணுமாக்கா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். சிரி, சிரி. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தையல் அறை மூன்றாவது மாடி என்பது உனக்குத் தெரியும். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கமும் தெரியும். கொஞ்ச நாளாகவே இரண்டாவது மாடித் திருப்பம் வந்தால் கீழ்த்தாடை இழுத்துப் பிடித்து வலிக்கும். நாள் முழுக்க ஊசியைக் கடித்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். உன் மாமா ஊசியைக் குத்தி வைக்க, கையில் கட்டிக்கொள்ளும் சின்னத் திண்டு ஒன்று வாங்கி வந்து, இனிமே நீ வாயைத் திறந்துட்டுத்தான் இருக்கப் போறே, என் காது தாங்குமா என்று கிண்டல் செய்தார். ஊசியை விட்டேன். வலி விடவில்லை.

பல் டாக்டரிடம் போனேன். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார், படமும் எடுத்தார். பல்லில் ஒன்றுமில்லை. எப்போம்மா வலிக்குது என்று கேட்டார். படியேறினா வலிக்கும், நின்னா போயிடும் என்றேன். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, இது பல் இல்லம்மா, இப்பவே இதய டாக்டரைப் பாருங்க என்றார். எனக்கு வந்ததே கோபம்! பல்லுக்கு வந்தவளை நெஞ்சுக்கு அனுப்புகிறாரே என்று முணுமுணுத்தேன். உன் மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை, நேரே இதய டாக்டரம்மாவிடம் அழைத்துப் போய்விட்டார்.

ஈசிஜி சரியாக இருந்தது. பார்த்தீங்களா என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். டாக்டரம்மா உட்காரச் சொன்னார். ரத்தக் குழாயின் உள்சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்பு படிந்து வழி குறுகிவிடுமாம். சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் இதயத்துக்குப் போதும்; படியேறினால், பாரம் தூக்கினால் போதாது, அப்போதுதான் வலிக்கும் என்றார். டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் என்னை நடக்க வைத்தார்கள். அதே தாடை வலி வந்தது. அதே நேரம் திரையில் ஈசிஜி கோடுகள் மாறின. உடனே நிறுத்திவிட்டார்கள். நெஞ்சில் ஒரு துளி வலி இல்லை, தம்பி. சிலருக்குத் தாடையில், தோளில், முதுகில்தான் வருமாம்.

அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். வாயு நெஞ்சை அடைச்சிடுச்சு என்றேன், நாம் எல்லாரிடமும் சொல்வதுபோல. அது வாயுவா இருக்காதும்மா, மாரடைப்பாத்தான் இருக்கும் என்று சொல்லி அவர் சீட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு மருந்தைச் செலுத்தி, அடைப்பு எங்கே என்று படத்தில் பார்ப்பார்கள். கத்தரி பிடிக்கும் கையாச்சே என்று வலக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு இடக்கையில் செய்தார். மரத்துப்போக ஊசி போட்டதால் வலிக்கவில்லை, முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பயந்தேன், மறைப்பானேன். பெரிய குழாய் ஒன்று நடுவில் நூல்போல ஆகியிருந்தது. அதே வழியாகப் பலூனை விட்டு ஊதி விரித்து, மறுபடி சுருங்காமல் இருக்கச் சின்ன வலைக்குழாய் வைத்தார்கள், ஸ்டென்ட் என்கிறார்கள். இன்னொரு குழாயில் கொஞ்சம் அடைப்பு இருக்கிறது, அதற்கு மாத்திரை போதுமாம். நிறைய இடத்தில் இருந்திருந்தால் பைபாஸ் செய்திருப்பார்களாம். அடுத்த நாள் என்னைப் பார்க்க வந்த டாக்டரம்மாவின் கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கொடுங்க, தைச்சுத் தரேன் என்றேன். உன் மாமாவுக்கு மானம் போய்விட்டது.

இன்று காலை மெதுவாகப் படியேறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

போனில் நீ சொன்னதை நினைத்துப் பார். கிடங்கில் பெட்டி தூக்கினால் தாடை வலிக்கிறது, இறக்கி வைத்தால் போய்விடுகிறது, மாசக் கடைசியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறேன் என்றாய். பிடுங்காதே. இதய டாக்டரிடம் போ. ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றாலும் கிளம்பி வந்துவிடாதே, அப்பாவைப் பற்றிச் சொல். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. சோடா குடித்துவிட்டுப் படுக்காதே. அப்பா அப்படித்தான் படுத்தார்.

உனக்கு நீலச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் வெட்டவில்லை. பழைய அளவு இருக்கிறது, ஆனால் அதை வைத்து வெட்ட மாட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு நீயே வந்து என் முன்னால் நின்று அளவு கொடு. நூறு வயசு நன்றாயிரு.

உனக்காகக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கும்,
அக்கா