இடது கண்ணின் வெள்ளை

மார்ச் 3, திங்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் வீட்டுக்காரி. ஒரே கதையை மூன்று தடவை கேட்டுக் காது புளித்துப்போச்சாம். நோட்டு வாங்கி வந்துவிட்டாள். இதில் ஏறிய கதையை மறுபடி வாய் திறந்து சொல்லக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

இன்று பட்டறையில் பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் காரை முடித்தோம். பின்கதவு ஒன்று நசுங்கியிருந்தது. தட்டி நிமிர்த்தியது சகலை. அவரும் நானும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். பட்டறையையும் சேர்ந்தே கட்டினோம். டிங்கர் வேலை அவருடையது, பெயின்ட் என்னுடையது. பட்டி பூசி, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்குமேல் கலர். இந்த வண்டியின் வெள்ளை எனக்கு மனப்பாடம். கலக்கும் குச்சியில் ஒரு நுனி கறுப்பு, அரை நுனி மஞ்சள். இரண்டு தெரு தள்ளி மெஷினில் கலந்து தருகிற கடை இருக்கிறது. அதன் படியை நான் மிதித்ததில்லை.

வேலை முடிந்தால் சகலை பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். புதுக் கலருக்கும் பழசுக்கும் வித்தியாசம் தெரிந்தால் டீ என் செலவு. தெரியாவிட்டால் அவர் செலவு. இன்று ரொம்ப நேரம் பார்த்தார். தெரியவில்லை என்றார். அவர் ஜெயித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, பாவம்.

மார்ச் 4

வீட்டுக்காரியின் வெள்ளை ஸ்கூட்டரையும் இதில் ஏற்றிவிட வேண்டும். போன வருடம் முன் மட்கார்டு நசுங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வைத்து அடித்துக் கொடுத்தேன். எது பழசு, எது புதுசு என்று படைத்தவனுக்கே தெரியாது.

இந்த இடத்தில் பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதாம்.

மார்ச் 6

டாக்டரம்மா திரும்பி வந்தார். பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். அதில் வரிசையாகப் பொய்ப்பற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. பல் கட்டும்போது நிறம் பொருத்திப் பார்ப்பதற்காம். முன்கதவில் ஒரு பல்லை வைத்தார், பின்கதவில் இன்னொன்றை.

"ஐயா, முன்கதவு தினம் ரெண்டு வேளை பல் தேய்க்குது. பின்கதவு இருபது வருஷமா டீ குடிக்குது."

எனக்கு இரண்டு பல்லும் ஒன்றாகத்தான் தெரிந்தன. சகலை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கான அறிகுறி ஒன்றும் இல்லை.

மறுபடி அடித்துத் தருகிறேன், அப்போதும் பொருந்தாவிட்டால் இனிமேல் கலக்கும் குச்சியைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள்? வாய்க்கொழுப்பு.

மார்ச் 8

டப்பாவை விட்டு நகரவில்லை. சாப்பாட்டையும் பட்டறைக்கே வரவழைத்தேன். மெஷின் கடைப் பக்கம் ஒரு நடை போய் வரட்டுமா என்று சகலை இழுத்தார். நான் பார்த்த பார்வையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கலந்து, துண்டுத் தகரத்தில் அடித்து, நிழலில் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் பிடித்தேன். நாலு மணி வெளிச்சத்திலும் பிடித்தேன். பொருந்தியது. வழக்கம்போல அந்தத் தகரத்தில் துளை போட்டுக் கம்பியில் கோத்தேன். முப்பத்தொரு வருடத் தகரம் அந்தக் கம்பியில் தொங்குகிறது. ஒவ்வொன்றும் எந்த வண்டி, யார் எங்கே இடித்தார்கள் என்று கேட்டால் சொல்வேன்.

மார்ச் 10

மறுபடி அடித்த பின்கதவுக்கும் அதே டீ குடித்த பல்.

இந்தத் தடவை டாக்டரம்மா கிண்டல் பண்ணவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, போன் விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்தார்.

"உங்க கை தப்பு பண்ணலைங்க ஐயா. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து பழுத்திருக்கு. நீங்க பாக்குற எல்லாத்து மேலயும் அது ஒரு மஞ்சள் கோட் அடிச்சிடுது. கதவுல மஞ்சள் கூடிப்போனா உங்களுக்கு எப்படித் தெரியும்? கண் டாக்டரைப் பாருங்க."

குச்சியைச் சகலையிடம் நீட்டினேன். வாங்கவில்லை. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அப்படியானால் இத்தனை வெள்ளை வண்டிகள்?

"நீங்க சாப்பிடப் போற நேரம் பாத்து மெஷின் கடை டப்பாவை மாத்தி வெச்சிடுவேன், சகலை. இந்த வண்டி முடிச்ச அன்னிக்குக் கடை லீவு."

இரண்டு வருடம்! நான் என் கைவண்ணம் என்று வாங்கிக் குடித்த டீ எல்லாம் மெஷினோடதா? அந்தத் திருட்டுப் பயல் —

சகலையை அப்படியெல்லாம் எழுத மாட்டாளாம். சரி. அந்தத் திருட்டு மனிதர்.

மார்ச் 11

பேசவில்லை.

மார்ச் 12

பேசவில்லை. டீ வாங்கி வைத்தார். குடித்தேன்.

மார்ச் 14

கண் டாக்டரிடம் போய் வந்தோம். கண்ணில் கத்தி வைப்பார்களாம். பார்வை மங்கினாலும் பரவாயில்லை, இருக்கிறதாவது இருக்கட்டும் என்றேன். உள்ளதும் போய்விட்டால் நான் யார்? சும்மா தின்னர் வாசனை பிடிக்கிற கிழவன்.

வீட்டுக்காரி கேட்டாள்: "துருப் பிடிச்ச தகரத்து மேல பெயின்ட் அடிக்க நீங்க விடுவீங்களா?"

விட மாட்டேன். தேய்த்துத்தான் அடிக்க வேண்டும். பதில் தெரிந்த கேள்வியையே கேட்கிறாள்.

மார்ச் 21

நேற்று முன்தினம் வலது கண் முடிந்தது. இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது, சட்டையில் விளக்கு வைத்திருக்கிறாயா அம்மா என்று கேட்டுவிட்டேன். வெள்ளை இவ்வளவு வெள்ளையா!

இடது கண் அடுத்த மாதம். மூன்று வாரம் தூசிப் பக்கம் போகக் கூடாது.

ஸ்கூட்டரை வாசலில் காணோம். இவள் தங்கை இரவல் கேட்டாளாம்.

ஏப்ரல் 14

பட்டறைக்குப் போனேன். முதலில் கம்பியைப் பார்த்தேன். வெள்ளைத் தகரங்கள் பால் மாதிரிதான் ஆரம்பிக்கின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக டீ கலந்துகொண்டே வருகிறது. கடைசித் தகரம் நல்ல ஸ்ட்ராங். இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே பால். வலது கண் இல்லை என்கிறது. ஒரே மூக்குக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இப்படிச் சண்டை.

டாக்டரம்மாவின் வண்டி மறுபடி வந்து நின்றது. சகலை குச்சியை டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் போனார். இடது கண்ணை மூடிக்கொண்டு கலந்து, பின்கதவுக்கு அடித்தேன்.

ஏப்ரல் 16

டாக்டரம்மா வந்தார். முன்கதவில் வைத்த பல்லையே பின்கதவிலும் வைத்தார்.

"ரெண்டும் ஒரே வாய்தான் ஐயா."

டீ சகலை செலவு. நிஜமாகவே தோற்றிருக்கிறார் என்பதால் ருசி வேறு.

ஏப்ரல் 17

ஸ்கூட்டர் வீடு வந்து சேர்ந்தது. வெயிலில் நிற்கிறது. உடம்பு வெள்ளை. மட்கார்டு, கடைசித் தகரத்தின் கூடப்பிறந்த தம்பி.

ஒரு வருடமாக இதை ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் போயிருக்கிறாள்.

ஸ்கூட்டர் கதை சொன்ன அன்றைக்குப் பேனாவில் மை இருந்ததா என்று கேட்டேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்கிறாள். நாளைக்கே தேய்த்து வேறு அடிக்கிறேன் என்றேன்.

"கை வெச்சீங்கன்னா பாருங்க. மார்க்கெட் வாசல்ல நாப்பது வெள்ளை ஸ்கூட்டர் நிக்குது. என்னுது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சரி, இருக்கட்டும். இடது கண்ணுக்கு அடுத்த வாரம் தேதி. அதுவரை அந்த மட்கார்டை இடது கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். பிரமாதமாகப் பொருந்துகிறது.