பூனைப் படுக்கைக்குக் கத்தரித்த கம்பளி

மேச்சேரி,
கார்த்திகை, புதன்கிழமை

அன்புள்ள தீபிகா,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் வாசல்கூடத் தெளிக்காமல் கொட்டகைக்குப் போய்க் கம்பளி மூட்டைகளை அவிழ்த்தேன். பதினொரு மூட்டையில் இரண்டில் பூச்சி விழுந்துவிட்டது, கையில் எடுத்தால் மாவாக உதிர்கிறது. மீதியை வேப்பிலை போட்டுத் திரும்பக் கட்டினேன், எதற்கென்று தெரியவில்லை.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றே சொல்லிவந்தேன். அது பொய். இந்தக் கம்பளியில் நான் செய்யும் பூனைப் படுக்கையை விற்க நீ போட்டுக்கொடுத்த ஆன்லைன் கடையில் ஆவணிக்குப் பிறகு மூன்றே ஆர்டர். அமெரிக்காவில் சின்னப் பார்சலுக்கும் வரி என்றானதும் வாங்குகிறவர்கள் நின்றுவிட்டார்கள். செங்கடல் பக்கத்துச் சண்டையால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய், ஐரோப்பாவுக்கு அனுப்பிய பெட்டி மூன்று மாதம் கழித்து ஈரமடித்துப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் எனக்கு உறுத்துவது கடை இல்லை, பக்கத்துக் காட்டுக்காரன் சென்னிமலை. நம் மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, கறிக்கும் தோலுக்கும்தான். அதை விற்றுவிட்டுக் கம்பளி ஆடு பிடி, வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரிக்கலாம், எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன் அவனிடம் போய்ப் போய்ச் சொன்னவள் நான். பூனை படுக்கறதுக்கு எங்கூட்டு ஆடு மொட்டையடிச்சுக்கோணுமாக்கும் என்று சிரித்தான். படித்தவள் சொல்கிறாள் என்று மாற்றினான். நானோ என் பதினான்கு ஆட்டில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. அப்பா வேண்டாம் என்றார் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் எனக்கே பயம்.

ஐப்பசியில் அவன் கத்தரித்ததை நான் வாங்கவில்லை. கத்தரிக்காமலும் விட முடியாது, மழையில் நனைந்து ஆட்டுக்குப் புண் வைத்துவிடும். விற்றுவிடலாம் என்று சந்தைக்கு ஓட்டிப் போனதற்கு, வியாபாரி தோலைத் தடவிப் பார்த்து, இது நம்மூரு ஆடு இல்லீங்களே என்று பாதி விலை கேட்டாராம். நேற்று வந்தான். ஏனுங்கக்கா, அந்த ஊருப் பூனையெல்லாம் இப்ப வெறுந்தரையிலதான் படுக்குதுங்களா என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெள்ளிக்கிழமை போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போகிறானாம், எட்டு மாதத்துக்கு, நாற்பத்தாறு வயதில் குழாய் தூக்க. ஆட்டுப்பட்டியைப் பத்தாவது படிக்கும் மகள் சௌந்தர்யா பார்த்துக்குவாளுங்க என்றான். அந்தப் பெண் அவன் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஹீட்டர் போடக் காசு பார்க்காதே, காதை மூடாமல் வெளியே போகாதே. நோய் நொடி இல்லாமல் நல்லா இரு சாமி.

நாளை விடிந்ததும் என் பதினான்கு ஆட்டையும் சென்னிமலை பட்டிக்கு ஓட்டப்போகிறேன். ஆட்டை இன்னொருவர் வளர்க்க வாரத்துக்கு விட்டால் ஈனும் குட்டியில் பாதி நமக்கு என்பது வழக்கம், அந்தப் பாதி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அதற்கப்புறமும் அவன் ரிக்குக்குப் போகலாம், தெரியாது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குட்டிகளை விற்றுத்தான் சித்திரைக்கு நீ வர டிக்கெட் எடுப்பதாக இருந்தோம்.

இப்படிக்கு,
அம்மா