சம்பந்தி டப்பா நாலு கிலோ

திருத்தணி
2-9-1984

மிலிடரி ஆஸ்பத்திரி நர்ஸ் லெப்டினன்ட் தேவகி இளங்கோவன் அவர்களுக்கு, அரக்கோணம் ரயில்வே பார்சல் ஆபீஸில் எடை போடும் கோதண்டபாணி சல்யூட் அடித்து எழுதிக்கொண்டது. அடித்த வேகத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டது. அம்மா கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறாள். மற்றபடி இருவரும் சௌக்கியம். நீ, மாப்பிள்ளை, பயல் தங்கவேலு மூவரின் சுகத்துக்கும் எழுதவும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். பிரசவமாகிப் பத்து மாதம் ஆகியும் உன் உயரத்துக்கு ஏழு கிலோ கூடுதல் என்று மிலிடரி டாக்டர்கள் உன்னைக் கீழ் கேட்டகிரியில் வைத்திருப்பதும், நவம்பர் மெடிக்கல் போர்டுக்குள் எடை இறங்காவிட்டால் சர்வீஸ் நீட்டிப்பு இல்லை என்பதும் தெரிந்துகொண்டோம். அம்மா அழுதாள். பெத்த உடம்பு ஊதாம இன்னா பண்ணும், அந்த டாக்டருங்களை எல்லாம் யாரு பெத்தாங்களாம் என்று கேட்டாள். ஒரு பிள்ளையும் பெறாமல் எனக்கு முன்னால் நடந்துபோகும் இந்தத் தொப்பையை இருபது வருஷ சர்வீஸில் எந்த போர்டும் கூப்பிட்டு விசாரித்ததில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அந்த ஏழு கிலோவில் பாதிக்கு மேல் என் கைவேலை.

ஏழாம் மாதம் உனக்கு லீவு கிடைக்கவில்லை. சீமந்தம் முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வர முடியாமல் போயிற்று. அந்த ஏக்கத்தில் இருந்தபோதுதான் உன் மாமனார் வேதாசலம் பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி மூட்டைகளோடு ஒரு தகர டப்பாவையும் புக் பண்ண வந்தார். மேலே சிவப்பு பெயின்டில் உன் பெயர். உள்ளே நெய்யில் பிடித்த பொரிவிளங்காய் உருண்டை. நான்தான் தராசில் வைத்தேன். நாலு கிலோ. "பார்த்து வைங்க சம்பந்தி, நம்ம பொண்ணுக்குப் போறது" என்றார். நம்ம பொண்ணாம்!

அன்றைக்கே அம்மாவை எள்ளுருண்டையும் அதிரசமும் செய்யச் சொல்லி அஞ்சு கிலோவாக அனுப்பினேன். அடுத்த மாதம் அவர் ஆறு. நான் ஏழு. பிரசவத்துக்குப் பிறகும் விடவில்லை. பால் ஊற அவர் பூண்டு லேகியம் அனுப்பினார், நான் ஒரு டின் நெய் அனுப்பினேன். என்னோடு மூட்டை தூக்கும் பங்காரு அப்போதே கேட்டான்: "இன்னா அண்ணே, பொண்ணுக்குத் தீனி அனுப்பறியா, சம்பந்தியோட குஸ்தி போட்டுகினு கீறியா?" அவனைத் திட்டிவிட்டேன். இரண்டு டப்பாவும் போய் இறங்குகிற இடம் ஒரே வயிறு என்பது எடை போட்டே பிழைக்கிறவனுக்குத் தோன்றவில்லை. ரெண்டு வீட்டிலும் ஆசையாய் அனுப்பியதை எறிய மனசு வராமல் தின்றேன் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எழுத்து தெரியலியா என்றாள் அம்மா. ஆங் என்றேன்.

பயலுடைய முதல் போட்டோவை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? பார்சல் கவுன்டரில். உன் மாமனார் சட்டைப்பையிலிருந்து எடுத்து, தம் மூக்கு அப்படியே வந்திருக்கிறது என்று காட்டினார். நமக்குப் போட்டோ வந்தது நாலு நாள் கழித்து. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூக்கு நம் வீட்டு மூக்குதான்.

உன்மேலும் கொஞ்சம் பொறாமை உண்டு. அறுபத்திரண்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நானும் போய் நின்றேன். அப்போது நான் ஒல்லி. எடை தேற ஒரு சீப்பு வாழைப்பழம் தின்று ஒரு சொம்பு தண்ணீரும் குடித்தேன். வரிசை நீளம். அடக்க முடியாமல் ஒதுங்கிவிட்டு வந்தேன். இரண்டு பவுண்டு குறைகிறது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கிடைக்காத அந்தப் பட்டாளத்துச் சட்டையை நீ போட்டுக்கொண்டாய். என்னை மாதிரி எடையால் நீயும் திரும்பி வரக்கூடாது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் குறைந்ததும் தினமும் காலையில் மலைப்படி ஏறத் தொடங்கியிருக்கிறேன். நீ அங்கே ஓடு, நான் இங்கே ஏறுகிறேன். பாதிப் படியில் மோர் விற்கும் எல்லம்மாள், இன்றைக்கு இவ்வளவுதானா என்று சிரிக்கிறாள். டப்பா இனிமேல் கிடையாது. கொள்ளாவது அனுப்பவா என்றாள் அம்மா, வேண்டாம் என்றுவிட்டேன். சம்பந்தி கொள்ளு அனுப்பினால் மட்டும் ஒரு வரி எழுது.

போர்டு முடியும்வரை மூன்று மாதம் பயலை உன் மாமியார் கோமளவல்லியம்மாளிடம் விடப்போவதாக எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு முட்டிவலி, நான் டியூட்டிக்குப் போய்விடுவேன், அங்கே தறி வீட்டில் எப்போதும் நாலு பெண்கள் இருப்பார்கள். நியாயம்தான். ஒரு வாரமாக இதற்கு மறுப்புத் தேடினேன், அகப்படவில்லை. அங்கேயே விடு.

ஒன்றே ஒன்று. பம்பாய் வண்டியில் வந்து இறங்கியதும் நேரே வெளியே போய்விடாதே. சம்பந்தியும் அழைத்துப்போக வந்திருப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு பார்சல் ஆபீஸ் பக்கம் வா. எடை போடாமல் எதையும் வெளியே விடக்கூடாது என்பது எங்கள் ரூல். தங்கவேலுவை என் தராசில் ஒரு நிமிஷம் உட்கார வை. பயல் ஆடுவான், முள்ளும் ஆடும். அது நிற்கிறவரைக்கும் அவசரப்படுத்த வேண்டாம் என்று உன் மாமனாரிடம் முன்னாலேயே சொல்லி வை.

நவம்பரில் உன் எடை இறங்கட்டும், தோளில் மூன்றாவது நட்சத்திரம் ஏறட்டும். தணிகை முருகன் கூட இருப்பான்.

இப்படிக்கு,
உன் நைனா
கோதண்டபாணி