இடது கைத் தையல்

மைனி,

அந்த நாய் டாக்டர்தான் கொலைகாரன் என்று முதல் நாளே சொன்னவன் நான். இன்று நீங்கள் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் மகள் ஜாய்ஸ் அயர்லாந்திலிருந்து லீவில் வந்திருக்கிறாள். போன சனிக்கிழமை உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். அந்துருண்டை வாசனையோடு உங்கள் இங்கிலீஷ் நாவல்கள் வெளியே வந்தன. அட்டைக்கு அட்டை ஒரு நூல்கண்டு, ஒரு ஊசி, ஒரு பூனை. எல்லாவற்றுக்கும் மேலே நம்முடைய கடைசிப் புத்தகம். அதன் கடைசி அத்தியாயத்தை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். நாய் டாக்டரேதான்! "நான் அப்பவே சொன்னேம்லா" என்று தொடையில் தட்டினேன். தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது. உங்களுக்கு நான் வாசித்துக் காட்டியபோது கொலை செய்தது வேறு ஆள் அல்லவா.

என் பெருமையை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்று ஜில்லாவில் என் கை படாத தையல் மெஷின் கிடையாது. கலெக்டர் பங்களாவில் ஊசி இறங்காமல் நின்ற மெஷினை ஸ்குரூ டிரைவரைத் தொடாமல், வெறும் காதை வைத்துக் கேட்டே ஓட வைத்தேன். இதை நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள், "போன மாசம் அது தாசில்தார் பங்களால்லா?" என்று கேட்பீர்கள். அண்ணன் போன பிறகு பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கடையைச் சாத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். சாப்பாட்டுக்கு மேல், நீங்கள் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்லும் கதை.

ஜாய்ஸ் நர்சாக இருக்கும் வார்டில் படுத்திருக்கும் வெள்ளைக்காரக் கிழவிகள் படித்து முடித்துக் கொடுத்த புத்தகங்கள் அவை. கம்பளிக் கடையில் வியாழக்கிழமைதோறும் கூடிப் பின்னுகிற, தைக்கிற பெண்கள் ஐந்தாறு பேர். ஊரில் ஒரு சாவு. போலீசுக்குப் புரியாதது இவர்களுக்கு ஒரு தையலில் புரிந்துவிடும். ரத்தம் அதிகம் இருக்காது, கேக் நிறைய இருக்கும். கடைசிப் பக்கத்தில் அந்தத் தையலைப் போடும் முறை படத்தோடு போட்டிருக்கும். கொலைகாரனைப் பிடித்த கையோடு நீங்கள் அதைத் தலையணை உறையில் போட்டுப் பார்த்துவிடுவீர்கள்.

"யாருன்னு சொல்லும் பாப்போம், கொழுந்தனாரே."

"அந்தப் பாதிரியார்தான்."

"நேத்து போஸ்ட்மேன்னீரு."

"போஸ்ட்மேனும் கூட்டு மைனி."

"ஊர்ல ஒருத்தரையும் விடமாட்டீரு. கடைசில எவன் பிடிபடுதானோ அவனைக் காட்டி, அப்பவே சொன்னேம்லான்னு நிப்பீரு."

கடைசிப் புத்தகத்தில் செத்துப் போனவள் கம்பளிக் கடைக் கிழவி. அவள் மடியில் பாதி தைத்த போர்வை. அதில் அவள் போடாத ஒன்பது தையல்கள். அந்த ஒன்பதையும் போட்டது யார்? அந்தக் கேள்வியோடு புத்தகம் நின்றது. சர்க்கரை உங்கள் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. பிறகு கிட்னியில் கை வைத்தது. உங்களைப் பார்த்துக்கொள்ள ஏரலிலிருந்து உங்கள் தங்கச்சி எஸ்தர் வந்தாள். கஞ்சி காய்ச்சினாள், உடம்பு துடைத்தாள். நீங்கள் கேட்டதெல்லாம் அந்த ஒன்பது தையலைத்தான். சாகிறதுக்குள்ளே தெரிந்துகொள்ள வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். சிரிப்புக்கு அடியில் சிரிப்பு இல்லை.

ஜாய்ஸிடம் போனில் கேட்கலாம் என்றேன்.

"அவ பன்னெண்டு மணி நேரம் நின்னு வேலை பாத்துட்டு வாரா. நீருதான் எட்டாங்கிளாஸ்ல இங்கிலீஷ்ல முதல் மார்க்குன்னு இருபது வருசமா சொல்லுதீரே. வாசியும்."

வாசித்தேன். கண்ணாடியை மாட்டி, தொண்டையைக் கனைத்து, சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். அந்த ஒன்பது தையலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடது கைக்காரி போட்ட தையல். அந்த ஊரில் இடது கைக்காரி ஒருத்திதான். கிழவிக்குத் தினமும் சூப் காய்ச்சிக் கொண்டுவந்த அவள் தங்கச்சி. சூப்பில்தான் விஷம்.

வழக்கமாக நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். அன்று வரவில்லை.

"கூடப் பொறந்தவளா?"

"கூடப் பொறந்தவளேதான். நான் அப்பவே சொன்னேம்லா."

"நீரு அவளைச் சொல்லவே இல்லையே வே," என்றீர்கள், பைய.

மறுநாள் எஸ்தர் தைத்த தலையணை உறையைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் விரலை ஓட்டினீர்கள். எஸ்தருக்கு எல்லாமே இடது கைதான், ஊசியும் அகப்பையும்.

"எஸ்தரு, இது நீ தச்சதா?"

"ஆமாக்கா. நல்லால்லையா?"

"சாஞ்சிருக்கு."

அதற்கு அடுத்த நாள் அவள் அடுப்படியில் இருக்கும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள். "கஞ்சி கசக்கு, கொழுந்தனாரே." விளையாட்டா வினையா என்று உங்கள் முகத்தில் தெரியவில்லை. கிட்னி கெட்டால் நாக்கு கசக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றையாவது நான் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது அதே வார்த்தைதான்: "நான் அப்பவே சொன்னேம்லா."

அன்றிலிருந்து எஸ்தர் கரண்டியை நீட்டினால் நீங்கள் வாயை இறுக்கிக்கொண்டீர்கள். நான் நீட்டினால் இரண்டு வாய் வாங்கினீர்கள். ஐந்தாம் நாள் அவளிடம், "நீ ஏரலுக்குப் போ. ஒன் பிள்ளைகளைப் பாரு" என்றீர்கள்.

"எனக்கு ஏதுக்கா பிள்ளை?" என்றாள் எஸ்தர்.

உங்களுக்கு அது மறந்திருக்காது. மறந்தது போலச் சொன்னீர்கள். நான்தான் அவளை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக எட்டி, மூன்று தடவை சொன்னாள், "கஞ்சில உப்பு கூடாது அத்தான், மறந்துராதிய." ஒரு வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அவள் வந்து பார்த்தது பெட்டிக்குள் படுத்திருந்த உங்களைத்தான்.

நீங்கள் போயிருப்பதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ரிப்பேர் முடிந்த மெஷினில் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து ஒரு வரி ஓட்டிப் பார்ப்பேன் அல்லவா? மெஷின் நின்றதும், துணியின் மேல் ஒரு விரல் ஓடுகிற சத்தம் கேட்கிறது. காய்ந்த விரல், தையலை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போகிறது. நான் எண்ணுவதில்லை. ஒன்பதுக்கு முன்னால் துணியைப் பிடுங்கி வெட்டிப் போட்டுவிடுகிறேன். காதை வைத்தே மெஷினை ஓட வைத்தவனுக்கு இந்தக் காது இப்போது பாரமாக இருக்கிறது.

எஸ்தர் நினைவு நாளுக்கு நேற்றே வந்துவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் கேட்பதை இன்று காலையும் கேட்டாள். "அத்தான், அக்காவுக்கு எம்மேல என்ன வருத்தம்? எங்கையால ஒரு வாய் வாங்காமப் போயிட்டாளே. ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளா?" ஒவ்வொரு வருஷமும் சொல்வதை நானும் சொன்னேன், "ஒண்ணும் சொல்லலம்மா." உள்ளே ஜாய்ஸ் அந்த நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது தையலும் நாய், மாட்டின் புண்ணைத் தைக்கிறபோது போடுகிற முடிச்சாம். அதை வைத்துத்தான் நாய் டாக்டரைப் பிடித்தார்களாம். நான் வேறு மாதிரி வாசித்ததை அவளிடம் சொல்லி, கண்ணாடிக் கோளாறு என்றேன். அவள் நம்பினாள்.

உங்களிடம் அது செல்லாது. எட்டாம் வகுப்பில் எனக்கு முதல் மார்க் இல்லை மைனி. எட்டாம் வகுப்பே இல்லை. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது மெஷின் மேல் போட்டிருக்கும் கம்பெனிப் பெயர்கள்தான். அந்தப் பக்கத்தில் கறுப்பு எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் முகத்தைத் தூக்கிக் காத்திருந்தீர்கள். எனக்கு ஒரு கொலைகாரி வேண்டியிருந்தது. தலையை நிமிர்த்தினேன். எதிரே வாசல்படியில் எஸ்தர் உட்கார்ந்து உங்கள் தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இடது கை புத்தகத்தில் இல்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.